பச்சை வராத துணி

தோவா மகனின் மலத்துணியை விரித்துப் பார்த்தாள்.

வெள்ளை. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல வெள்ளை. மடித்து வாளியில் போட்டாள். அழவில்லை. அழுகையெல்லாம் அவனை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோன அன்றே தீர்ந்துவிட்டது.

ஹ்யூ நகர மருத்துவமனைக்கு அவனைத் தூக்கி வந்தபோது கண்ணெல்லாம் மஞ்சள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் சொன்னார்.

"வயித்துல இருக்கும்போதோ, பொறந்த கையோடயோ ஏதோ ஒரு வைரஸ் தொத்தியிருக்கலாம்மா. அது போயிருச்சு. அதை விரட்டக் கிளம்பின உடம்போட எதிர்ப்புச் சக்தி அடங்கல. பித்தக் குழாயையே அடிச்சு, தழும்பாக்கி, அடைச்சிருச்சு."

"எட்டாம் மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சு டாக்டர்."

"அதுதான்னு சொல்ல முடியாது."

"அது இல்லைன்னு?"

"அதையும் சொல்ல முடியாதும்மா."

அடைந்த குழாயை வெட்டி எடுத்து, குடலை ஈரலோடு தைத்தார்கள். பித்தம் குடலுக்கு இறங்கினால் மலத்துணி பச்சையாகும். இறங்காவிட்டால் ஈரலையே மாற்ற வேண்டும்.

பக்கத்துக் கட்டில் லுவாவின் மகளுக்கு நேற்று இறங்கிவிட்டது. லுவா துணியைக் கொடி போலத் தூக்கிக்கொண்டு வார்டைச் சுற்றினாள். "பாருங்கடி! சந்தைக் கீரை தோத்துச்சு!"

நர்ஸ் ஹான் மூக்கைப் பொத்தினாள். "ச்சீ, இந்தக் குரங்கு மூஞ்சிக்கு இவ்வளவு ஆட்டமா!"

வார்டே சிரித்தது. அந்த ஊரில் கைக்குழந்தையை யாரும் புகழ மாட்டார்கள். புகழ்ச்சி காதில் விழுந்தால் கெட்ட ஆவி எதுவோ தேடி வந்து தூக்கிப் போய்விடும். எத்தனை ஆசையோ அத்தனை வசவு. தோவாவின் மகனுக்கு ஹான் வைத்த பெயர் தவளை மூஞ்சி.

இன்று ஹான் வந்தாள். வாளியைப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள்.

"எவ்வளவு அழகா இருக்கான்!" என்றாள்.

லுவாவின் கரண்டி கஞ்சியிலேயே நின்றது.

"ரிசல்ட் வந்திருச்சாக்கா?" என்றாள் தோவா.

"டாக்டர் வந்து சொல்லுவார், தங்கச்சி."

"நீங்கதான் சொல்லிட்டீங்களே."

வாய் தவறிப் புகழ்ந்துவிட்டது ஹானுக்கே அப்போதுதான் உறைத்தது. "பித்தம் இறங்கல. ஈரல் மாத்தணும். சொந்தத்துல யாராவது கொஞ்சம் வெட்டிக் கொடுத்தா..."

"நான் கொடுக்கறேன். ரத்தம் எங்க எடுக்கறாங்க?"

"பொருந்துமான்னு பார்க்கணும். உன் வீட்டுக்காரர் வரட்டுமே."

"அவர் வர்ற வரைக்கும் இவன் அழகா இருக்கணுமா?"

ஹான் குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"திட்டுங்கக்கா."

"தோவா..."

"திட்டுங்க."

"தவளை மூஞ்சி," என்றாள் ஹான். குரல் பாதியில் உடைந்தது.

"பத்தாது."

"தவளை மூஞ்சி... ஆந்தைக் கண்ணு... யாருக்கும் வேண்டாத கழுதை..."

யார் வீட்டுப் பிள்ளையையோ வைவதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டே, தோவா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள்.