வெட்டாத பூட்ஸ்

ஒத்தீலியாவின் கடையில் ரப்பர் பூட்ஸ் வாங்க வருகிறவன் முதலில் காலை நீட்ட வேண்டும். போட்டு நான்கு எட்டு நடக்கச் சொல்வாள். பிறகு கெண்டைக்காலுக்கு மேலே சாக்பீஸால் கோடிழுத்து, விளிம்பைக் கத்தியால் வெட்டிக் கொடுப்பாள். வெட்டாத பூட்ஸோடு காப்பித் தோட்டச் சரிவில் ஏறினால் மத்தியானத்துக்குள் தோல் உரிந்துவிடும். அந்தக் கொலம்பிய மலையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. சமவெளியிலிருந்து வந்த படைக்காரர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

இன்று வந்திருந்த இருவரும் வாங்க வந்தவர்கள் அல்ல. ஒருத்தி அடுத்த தெரு கார்மென்சா. பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்த அவள் மகன் எட்கரை வேலை தருவதாகக் கூட்டிப்போய், சுட்டுப் போட்டு, மலையில் மூன்று வருடம் திரிந்த கெரில்லா என்று பத்திரிகைக்குச் சொன்னது படை. இன்னொருத்தி ஹெலன், இந்த மாதிரிக் கொலைகளுக்குச் சாட்சி தேடி வந்த வாஷிங்டன்காரி. படையின் துப்பாக்கியும் ஹெலிகாப்டரும் அவள் நாடு கொடுக்கும் உதவி. அதை நிறுத்தச் சொல்லி இரண்டு வருடமாகக் கார்மென்சா ஏறாத படியில்லை. ஊரிலேயே ஏச்சுதான். "ஹெலிகாப்டர் போயிட்டா, பாம்பு கடிச்சவன நீதான் முதுகுல தூக்கிட்டுப் போவியா?" என்று பாதிரியாரின் சமையல்காரி சந்தையில் வைத்துக் கேட்டாள்.

"அம்மாக்களோட அழுகைய எங்க நாடாளுமன்றத்து ஆளுங்க நிறையக் கேட்டுட்டாங்க," என்றாள் ஹெலன். "கேட்டுட்டு, பாவம்ங்கிறாங்க. அப்புறம் பணத்துக்குக் கையெழுத்துப் போடுறாங்க. கெட்டியா ஒரு சாட்சி வேணும்மா. பேரோட."

மேஜையில் போட்டோவை வைத்தாள். ஒத்தீலியா இரண்டு வருடமாகப் பார்க்காமல் தப்பித்த போட்டோ. புல்லில் எட்கர் மல்லாந்து கிடந்தான். பூட்ஸ் முழங்கால்வரை ஏறியிருந்தது, கத்தி படாமல்.

அவளுக்கு எல்லாம் தெரியும். பிணத்துக்கு மாட்டிய அந்தப் பூட்ஸை விற்றவளே அவள்தான். கட்டாய ராணுவச் சேவைக்குப் போன தன் மகன் ஹேய்சன் அதே படையில் இருப்பதால்தான் வாயைத் திறக்கவில்லை. அவன் அங்கே இருப்பது மட்டுமா? அன்று பூட்ஸ் மூட்டையைத் தோளில் தூக்கி லாரியில் ஏற்றியவனே அவன்தான். சொன்னால் மகனுக்குச் சிறை, அல்லது அதைவிட மோசம். சொல்லாவிட்டால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தபடி படை இன்னும் எத்தனை எட்கர்களைக் கொல்லுமோ?

"பன்னெண்டு ஜோடி," என்றாள் கடைசியில். "எல்லாம் ஒரே அளவு. சார்ஜென்ட் வந்து வாங்கினான். யாருக்குன்னு சொல்லுங்க, கால் பாத்து வெட்டித் தரேன்னேன். 'வெட்ட வேண்டாம்மா, இவங்க ரொம்ப தூரம் நடக்கப் போறதில்ல'ன்னு சிரிச்சான்." மேஜையிலிருந்த சாக்பீஸை நகர்த்தி வைத்தாள். "நானும் சிரிச்சேன்."

ஹெலன் எழுதிக்கொண்டே கேட்டாள். "தனியாவா வந்தான்?"

தெருவில் கழுதை ஒன்று மணியாட்டிக்கொண்டு போனது. தனியாகத்தான் என்று சொல்லிவிடலாம். ஒற்றைச் சொல். கார்மென்சாவைப் பார்த்தாள், அவள் போட்டோவில் இருந்த மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட ஒரு சிப்பாய். மூட்டைய தூக்கினவன்."

"தெரிஞ்சவனா?"

"என் பையன்."

பேனா நின்றுவிட்டது. கார்மென்சா மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

"எதுக்குன்னு அவனுக்குத் தெரியுமாடீ?"

"கேக்கல, கார்மென்சா. தெரியும்னு சொல்லிட்டான்னா என்ன பண்றதுன்னு பயந்துகிட்டு, ரெண்டு வருஷமா கேக்கவே இல்ல."

கார்மென்சா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, எடுக்கவில்லை. ஒத்தீலியா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கார்மென்சாவின் காலடி வாசலை நோக்கிப் போவது கேட்டது. கதவு சாத்தும் சத்தமும் கேட்டது. போய்விட்டாள், இனி இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

ஒத்தீலியா கையை எடுத்தாள். தெருவில் போகிறவர்கள் பார்க்காதபடி, கார்மென்சா கதவை உள்ளேயிருந்து சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள்.