உப்பு தின்ற ரிம்

கன்னிகா சுண்டுவிரலை நீட்டி ஒரு குத்துக் குத்தினாள். விரல் டிராக்டர் சக்கரத்து ரிம்முக்குள் புகுந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பேர்தான் இரும்பு; தொட்டால் நமுத்துப்போன அப்பளம். மேலே மட்டும் வெள்ளிப் பெயிண்ட் பளபளவென்று, நேற்றுத்தான் தாலி கட்டிக்கொண்டு வந்ததுபோல இருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவள் புருஷன் தரணி ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி வருவான். துருவைச் சுரண்ட அவனுக்கு உடம்பு வளையாது. துருவின் மேலேயே பூசி, அதன்மேல் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுப் பொரி தின்ன உட்கார்ந்துவிடுவான். துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம். விரல் போன இடத்தில் உரிந்த பெயிண்ட் அடுக்குகளைப் பார்த்தாலே போதும், அந்த மனுஷன் எத்தனை வருஷமாக வேலையிலிருந்து தப்பித்து வருகிறான் என்று சொல்லிவிடலாம்.

"இன்னாயா இது?" என்றாள்.

"இரும்புன்னா துரு புடிக்கத்தான் செய்யும்மே. மனுஷனுக்கே புடிக்குது."

"தெரியும். துருப்புடிச்ச மனுஷனோடதானே குடும்பம் நடத்திக்கினு இருக்கேன்."

ஜாக்கியின் பக்கத்தில் குந்தியிருந்த திருவேங்கடம் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டான். கார்வேட்டிநகரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். வலது பின்சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, டியூபை உருவி வெளியே போட்டிருந்தான். வால்வு ஓட்டையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நகத்தால் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான்.

"உப்புக்கா இது! டியூப்ல இன்னாண்ணா ஊத்தின?"

சேற்றில் சக்கரம் வழுக்காமல் இருக்க, கனத்துக்காக டியூபில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்புவது இந்தப் பக்கத்து வழக்கம்தான். எல்லாரும் கிணற்றுத் தண்ணீரை நிரப்புவார்கள். தரணி எல்லாரையும்போல ஒரு காரியம் செய்தால் அவன் கிரீடம் இறங்கிவிடாதா? பிச்சாட்டூர் சந்தையில் யாரோ, உப்புத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் கனம் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வண்டிக்குக் கண் திருஷ்டி வேறு இருக்கிறது, இரண்டும் ஒன்றாய்க் கழியட்டும் என்று, அரை மூட்டைக் கல்லுப்பைத் தூக்கி டிராக்டரை மூன்று சுற்றுச் சுற்றி, அதையே கரைத்து டியூபுக்குள் ஏற்றிவிட்டான். திருஷ்டி சுற்றிய உப்பை முச்சந்தியில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவதுதான் உலகத்து வழக்கம். இவன் அதைச் சக்கரத்துக்குள்ளே குடிவைத்தான். டியூப் கசியக் கசிய, அந்த உப்பு மூன்று வருஷமாக உட்கார்ந்து ரிம்மைத் தின்றிருக்கிறது.

"இந்த டப்பா வண்டி மேல எவன்யா கண்ணு வெச்சான்?"

தரணி பிடரியைச் சொறிந்துகொண்டான்.

"வெல்டு வெச்சு ஒட்டினாலும் நிக்காதுக்கா, வேற ரிம்முதான் போடணும்" என்றான் திருவேங்கடம். "புத்தூர் பழைய இரும்புக் கடையில ஒண்ணு பாத்தேன். ஊதா கலரு. போல்ட்டு துளையக் கொஞ்சம் இழுத்தா சேந்துக்கும்."

"கிளம்பு, போலாம்" என்றாள் கன்னிகா.

"இன்னும் நாலு நாள் போகட்டுமே" என்றான் தரணி.

ஏரி மதகு திறந்த நாளிலிருந்து இதே பாட்டுத்தான். வயலில் தண்ணீர் நிற்கிறது. நாற்று முற்றிக்கொண்டு வருகிறது. இன்னும் நாலு நாள் போனால் மாட்டுக்குத்தான் போட வேண்டும். பரம்பரையில் முதன்முதலாகச் சொந்தம் என்று வந்த ஒன்றரை ஏக்கர் அது. இத்தனை நாளும் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்திருந்தாள். அவன் சொறிவதைப் பார்த்த பிறகுதான் இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று பட்டது.

"வாயத் தொறந்து சொல்லு."

"அந்த ரிம்மு அப்பிடியே இருக்கணுமாம்மே. சின்ன தொர சொல்லிச்சு."

சின்ன தொர என்றால் பங்களா வீட்டுப் பேரன் நிதின். டிராக்டர் முதலில் அந்த வீட்டுடையது. தரணியின் அப்பா பாலையாதான் அதை ஓட்டினார். ஏர் ஓட்டும்போது பெரிய தொர வரப்பில் வந்தால், பாலையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எழுந்து நின்றுகொள்ள வேண்டும், வண்டியையும் நிறுத்தக்கூடாது. வயல் முடியும்வரை நின்றுகொண்டே ஓட்டிய நாட்கள் உண்டு. பிறகு பங்களாவில் விவசாயம் படுத்து, வண்டி பழைய இரும்பு எடைக்குப் போகவிருந்தபோது, அதைப் பாலையாவே வாங்கிக்கொண்டு வந்தார். மகனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவனுக்கு ரோட்டில் ஓட்டத்தான் வந்தது. மருமகளுக்குக் கற்றுக்கொடுத்தார், அவளுக்குச் சேற்றிலும் வந்தது.

"திருப்பதி ரோட்டுல தொர லாட்ஜு கட்டிக்கீதே, அந்த கேட்டாண்ட நிறுத்தணுமாம். துருவோட இருந்தாதான் ஒரிஜினலாம். வர்றவங்க போட்டோ எடுத்துக்குவாங்களாம்." தரணியின் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு பெருமை ஏறியது. "எனக்கும் அங்கயே வேலை. வண்டி பக்கத்துல நிக்கணும். தலப்பா கட்டிக்கினு, நைனா மாதிரியே. வாக்கு குடுத்துட்டேன்."

கன்னிகா அவனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். அடிக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கழுநீர்ப் பானையில் விழுந்த பல்லியை அடிப்பார்களா, எடுத்து வீசிவிட்டுக் கையைத்தானே கழுவுவார்கள்.

"நின்னுக்கினேவா, குந்தலாமா?"

"யாராச்சும் வந்தா நிக்கணும். இல்லன்னா ஸ்டூலு குடுப்பாங்க."

"ஸ்டூலா! அப்புறம் இன்னா, உன் நைனாவுக்குக் கூட அது கெடைக்கலியே" என்று சொல்லிவிட்டு, திருவேங்கடத்தின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

பொழுது சாயுமுன் புத்தூரிலிருந்து ரிம் வந்தது. திருவேங்கடம் துளைகளைச் சரிசெய்து மாட்டினான். டியூபுக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கன்னிகாவே மொண்டு ஊற்றினாள். சிவப்பு டிராக்டரில் ஊதாச் சக்கரம், ஒருத்தன் செருப்பை இன்னொருத்தன் போட்டுக்கொண்டதுபோலத்தான் இருந்தது. இருந்தால் என்ன, தரையில் நிற்கிறதல்லவா.

மறுநாள் காலை அவள் வண்டியைக் கிளப்பும்போது நிதினின் கார் வந்து நின்றது. தரணி எப்போது செருப்பைக் கழற்றினான் என்று அவளுக்குத் தெரியவில்லை. கார்க் கதவு திறக்கும்போது வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஏம்பா தரணி, பாடு சேஸேசாவு கதா!" நிதின் தலையில் கை வைத்துக்கொண்டான். "எல்லாத்தையும் கெடுத்துட்டியே. இத யாருடா பாப்பாங்க?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன் தொர. பொம்பள கேக்கல."

"வா தம்பி" என்றாள் கன்னிகா, சீட்டில் உட்கார்ந்தபடியே. அந்த வீட்டு ஆளைத் தம்பி என்று ஒருவர் கூப்பிட்டு அந்தத் தெரு கேட்டதில்லை. தரணியின் முகம் வெளுத்தது. "டீ குடிக்கிறியா? வயலுக்குப் போற அவசரம். இல்லன்னா குந்தவெச்சுப் பேசுவேன்."

"எங்க தாத்தா வண்டிம்மா இது."

"அப்பிடியா? அவரு இதும்மேல ஏறி நான் பாத்ததே இல்லியே."

நிதின் காதில் வாங்காததுபோல் சுற்றுமுற்றும் பார்த்தான். வேலியோரம் சாய்த்திருந்த பழைய ரிம் கண்ணில் பட்டது. முகம் மலர்ந்துவிட்டது. கிட்டே போய், நாலு பக்கமும் நின்று போனில் படம் பிடித்தான்.

"இதயாவது குடுங்க. ரிசப்ஷன் சுவத்துல மாட்டி உள்ள லைட்டு போடலாம். அப்பா, எவ்ளோ பாகுந்தி, எவ்ளோ அழகு!"

"தாராளமா எடுத்துக்கோ தம்பி. அரை மூட்ட உப்ப இவரு வண்டிக்குச் சுத்தி அதுக்குள்ளதான் போட்டாரு. ஊரு கண்ணெல்லாம் அதுலதான் இருக்குது. வாசல பாத்தாப்ல மாட்டு."

நிதினுக்குப் புரியவில்லை. தரணிக்குப் புரிந்தது. புரிந்தும் ரிம்மைக் கட்டியணைத்துத் தூக்கி, காரின் பின்கதவு வழியாக நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. வெள்ளைச் சீட்டில் துரு கொட்டியது.

"சீட்டு, சீட்டு! தள்ளுடா அதை!" நிதின் கத்தினான். பிறகு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை விரற்கடை இறக்கினான். "என் பின்னால உருட்டிக்கினு வந்துடு. மெல்லமாத்தான் போறேன்."

"யோவ்" என்றாள் கன்னிகா. தரணி திரும்பினான். "வயல்ல வரப்பு வெட்ட ஆள் இல்ல. வர்றியா?"

அவன் அவளைப் பார்த்தான், காரைப் பார்த்தான். கார் நகர்ந்தது. கை ரிம்மை விட்டால் அது கீழே விழுந்துவிடும். அதனால்தான் வர முடியவில்லை, நீயே பார் என்பதுபோல ஒரு கணம் நின்றான். பிறகு உருட்டத் தொடங்கினான்.

கன்னிகா வயலில் வண்டியை இறக்கினாள். ஊதாச் சக்கரம் சேற்றைக் கவ்விப் பிடித்தது. அங்கிருந்து பார்த்தால் ரோடு நன்றாகத் தெரியும். கார் ஊர்ந்து போனது. பின்னால், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆள், சின்னப் பையன் வண்டி விளையாடுகிற மாதிரி குனிந்து ரிம்மைத் தள்ளிக்கொண்டு போனான். கோணல் ரிம் ஒவ்வொரு சுற்றுக்கும் நொண்டியது. போன வழியெல்லாம் தார்மேல் சிவப்பாகத் தூள் விழுந்தது.

ஏரிக்கரை தாண்டி ரோடு சரிவு. சரிவில் ரிம் அவன் கையை உதறியது. தரணி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "தொர, தொர" என்று கூவியபடி ஓடினான். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதன் போக்கில் போனது. ரிம் அதை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. முதலில் கார், அதன்பின் ரிம், அதன்பின் அவன் என்று மூன்றும் புளியமரத் தோப்புக்குப் பின்னால் மறைந்தன.

கன்னிகா கிளச்சை மிதித்து வண்டியை நிறுத்தி, தோப்புக்கு அந்தப் பக்கம் முதலில் எது வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.