கையைத் தூக்கி எடுத்த படம்

செங்கமலத்தின் வலது தோள் ஐந்து மாதத்தில் நான்கு முறை கழன்றது. நான்கு முறையும் தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதுதான் அவளுக்கு வினையாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் தோள் நல்லபிள்ளை ஆகிவிடும். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது. நெய்வேலி குவார்ட்டர்ஸ் தெருக்களில் மரக்கிளை கழிக்கிற கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு நடிப்பு நன்றாக வருகிறது என்றார்கள். இன்றும் ஒன்றும் இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகச் சொல்லி, மேஸ்திரி கஸ்தூரியம்மாளே கூட வந்திருந்தாள்.

எக்ஸ்ரே எடுக்கும் பரமசிவம் படத்தைப் பார்த்தார். "எலும்பு சரியாத்தாம்மா இருக்கு."

"நான் சொல்லல?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

செங்கமலம் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டாள்.

வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். அடுத்த சீட்டைக் கையில் எடுத்த பரமசிவம், ஏனோ அதைக் கீழே வைத்தார். "எப்பம்மா கழலுது?"

இதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. கேட்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட அரை நிமிஷங்களில்தான் கடவுள் வந்துபோகிறார்.

"கைய தலைக்கு மேல தூக்கிக்கினு வெட்டுறப்பங்க."

பரமசிவம் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டார். "அப்போ தூக்கின மாதிரியே வச்சு ஒண்ணு எடுப்போம்."

மல்லாந்து படுத்து, உள்ளங்கையைத் தலைமேல் வைத்து, முழங்கையை மேலே பார்த்தபடி நிறுத்த வேண்டும். பாதியிலேயே அவள் முகம் வெளுத்தது. "வேணாங்க, கழண்டுடும்!"

"அம்மா, நீங்க கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று கஸ்தூரியம்மாளிடம் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈயக் கவசத்தை நீட்டினார்.

"எருமை கனம் கனக்குதே" என்று முனகிக்கொண்டே மாட்டிய கஸ்தூரியம்மாள், ஒரு கையைத் தோளுக்கு அணையாகக் கொடுத்து, மறு கையால் முழங்கையை மெல்ல உயர்த்தினாள். அவள் கைக்கடியில் எலும்பு வழுக்கியது.

"அய்யய்யோ, உள்ள நவுருதுடி!"

"அதாங்க்கா."

"தோள்ல இருக்கிற கைய மட்டும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் பரமசிவம் படத்தை எடுத்தார். மேல்கை எலும்பின் உருண்டைத் தலையில், பின்பக்கம், கட்டைவிரலால் அமுக்கியது போல ஒரு பள்ளம் தெரிந்தது.

"கழலும்போதெல்லாம் எலும்பு உக்கார்ற கிண்ணத்து விளிம்புல மோதி விழுந்த பள்ளம்மா. அங்க சவ்வும் கிழிஞ்சிருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தா தெரியும். சரிபண்ணக்கூடியதுதான், டாக்டர் சொல்லுவார்."

தனக்கு நோய் இருக்கிறது என்று கேட்டு ஒருத்தி இப்படி முகம் மலர்ந்ததைப் பரமசிவம் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் கஸ்தூரியம்மாள் அதட்டினாள். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி?"

"சொன்னேங்க்கா. நாலு வாட்டி."

கஸ்தூரியம்மாள் செல்போனில் வேலையாள் ஒருவனைக் கூப்பிட்டாள். "மருதமுத்து, செங்கமலம் இனிமே நர்சரியில கன்னுக்குத் தண்ணி வுடட்டும். கிளை கழிக்க நீ போ. இன்னொரு தபா எவனாவது நடிப்புன்னு சொன்னீங்க, பல்லப் பேத்துடுவேன்!"

முதலில் நடிப்பு என்று சொன்னதே இந்த அக்காதான். செங்கமலம் அதைச் சொல்லிக்காட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளோடு நடந்தாள்.