இரண்டு அவுன்ஸ் பால்

1958 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, ஆறாம் நம்பர் கட்டில். காலை ஏழு மணிக்கு ஊற்ற வேண்டிய கஞ்சி ஊற்றப்படவில்லை.

மயில்சாமி கஞ்சியை இரண்டு தடவை வடிகட்டி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, கண்ணாடிப் புனலை வயிற்றுக் குழாயில் செருகப் போன நேரத்தில்தான் நர்ஸ் மரியசெல்வம் வந்து நின்றாள்.

"வேணாம்ண்ணே. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"பத்து மணிக்கு ஊத்தலாமா?"

அவள் கட்டிலில் கிடந்த அவன் அண்ணன் பொன்னுச்சாமியின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு போர்வையை இழுத்து மூடினாள். "ஊருக்குச் சொல்லி விட்டுட்டீங்களா?"

"நேத்தே லாரிக்காரங்கிட்டச் சொல்லிட்டேன். அக்கா வந்துரும்."

கஞ்சிக் கிண்ணம் ஜன்னல் திண்டில் ஆறிக்கொண்டிருந்தது. எட்டு வாரத்தில் அவன் கைக்கு வேலையில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

பொன்னுச்சாமி பூம்பாறையில் பூண்டு போடுகிறவர். மாசியில் அவருக்குச் சோறு இறங்கவில்லை, பங்குனியில் களியைக் கரைத்துக் குடித்தாலும் திரும்பி வந்தது, சித்திரை பிறந்தபோது தண்ணீரும் நின்றுவிட்டது. உணவுக்குழாயில் புற்று, வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு ஒரு ரப்பர் குழாயை வைத்தார். இனிமேல் சாப்பாடு அதன் வழியாகத்தான். மனைவி போய்ப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. அதனால் தம்பி மயில்சாமி தன்னுடைய பொதி சுமக்கும் நான்கு மட்டக்குதிரைகளையும் பங்காளியிடம் விட்டுவிட்டு அண்ணனோடு வந்து தங்கினான்.

முதல் நாள் அவன் பாதிக் கஞ்சியைப் போர்வையில் சிந்தினான். மரியசெல்வம் சிரிக்கவில்லை. "புனல் காலியாகறதுக்கு முந்தி டியூபைக் கிள்ளிப் பிடிச்சுக்கணும். காத்துப் போனா வயிறு உப்பிரும். கடைசியா ரெண்டு மடக்குப் பச்சத்தண்ணி, இல்லேன்னா அடைச்சுக்கும். தலைமாடு எப்பவும் உசரமா இருக்கட்டும்." நான்காம் நாள் அவள் தள்ளி நின்று பார்த்தாள். ஒரு வாரம் கழித்துப் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த மனுவேலின் மனைவியிடம், "அந்த அண்ணங்கிட்டக் கேட்டுக்கங்க" என்று கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

மனுவேல் பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டக் காவலாளி. சலவைக்காரம் கரைத்து வைத்திருந்த செம்பை மோர் என்று எண்ணி ஒரே மடக்கில் குடித்தவர். அவருக்கும் வயிற்றில் குழாய். ஆனால் புண் ஆறிச் சுருங்கிப்போன அவருடைய தொண்டைக்குள் வாரம் ஒரு தடவை டாக்டர் கம்பி விட்டு விரித்துவந்தார்.

சாப்பாட்டை வயிற்றில் ஊற்றுவதற்கு முன்னால் வாய்க்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது மரியசெல்வத்தின் கட்டளை. "வாய்க்குச் சொல்லாம வயித்துக்குப் போட்டா வயிறு கோவிச்சுக்கும். மென்னு துப்பட்டும்." பொன்னுச்சாமி கேட்டது சுட்ட பூண்டு. மயில்சாமி சமையல்கட்டு அடுப்பில் இரண்டு பல் வாட்டி எடுத்து வருவான். அவர் கண்ணை மூடி மென்று பீங்கான் தட்டில் துப்புவார். வார்டு முழுக்க வாடை அடிக்கும்.

"ஏய்யா பூம்பாறை," என்று மனுவேல் கத்துவார், "நீ துப்புறதுக்கு இங்க எனக்கு எச்சி ஊறுது. குழம்பையும் வச்சுரு, மோந்தாவது பாக்குறேன்!"

பொன்னுச்சாமிக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் புரையேறும். சொந்த எச்சிலே மூச்சுக்குழலில் போய் அடைத்து, முகம் கறுத்து, கண் பிதுங்கும். நாலு நாளைக்கு முன் அப்படி ஆனபோது, மூச்சு திரும்பியதும் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மயிலு, போறதுன்னா போயிருவேன். மூச்சு முட்டிப் போகக் கூடாதுடா. பாத்துக்க."

"பாத்துக்கிறேண்ணே."

அன்றைக்குப் பத்து மணிக்கு அக்கா கருப்பம்மாள் வந்தாள். பூண்டு லாரியின் முன்பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தாள். கையில் துணி கட்டி மூடிய பித்தளைத் தூக்கு. பொன்னுச்சாமியின் நெற்றியைத் தடவினாள், காதருகே குனிந்து, "பொன்னு, அக்கா வந்துருக்கேன்" என்றாள். இமை அசைந்தது. அவள் தூக்கின் கட்டை அவிழ்த்தாள்.

"வெள்ளனே போயி வேலப்பர் கோயில்ல அபிசேகப் பால் வாங்கியாந்தேன். ஏலே மயிலு, தலையத் தூக்கிப் பிடி."

மயில்சாமி அசையவில்லை. "வாயில வேணாங்க்கா."

"என்னது?"

"வாயில ஊத்துனா நெஞ்சுக்குள்ள போயிரும். மூச்சு முட்டும்."

"நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா? அப்பனுக்கு ஊத்துனேன், ஆத்தாளுக்கு ஊத்துனேன், இவன் பொண்டாட்டிக்கும் இந்தக் கையாலதான் ஊத்துனேன். இவன மட்டும் வறண்ட தொண்டையோட அனுப்பணுமாக்கும்? அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"குழாயில ஊத்தலாங்க்கா. வயித்துக்குப் போயிரும்."

"வயித்துல ஓட்டையப் போட்டு ஊத்துறது ஒரு பாலா? மாட்டுத் தொட்டியில கழனி ஊத்துற மாதிரி! தள்ளுலே." அவள் மடியிலிருந்து பால் புகட்டும் சங்கை எடுத்துப் பாலில் முக்கிவிட்டாள்.

மயில்சாமி அவள் கையைப் பிடித்தான். அக்காவின் கையை அவன் பிடித்துத் தடுத்தது அதுவே முதல் தடவை. மனுவேலின் மனைவி சூசையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, நம்ம செவலக் குதிர எப்படிச் செத்துச்சு?"

"அதுக்கும் இதுக்கும் என்னடா? பனியில குளிர்சன்னி வந்து செத்துச்சு."

"பனியில சாகல. நான்தான் கொன்னேன். மூங்கில் குழாக் கொட்டத்த வாயில வச்சுக் கசாயம் ஊத்துனேன். சோலி வெரசா முடியணும்னு தலைய அண்ணாந்து தூக்கிப் பிடிச்சேன். பூராவும் மூச்சுக்குழல்ல எறங்கிருச்சு. மூணு நாளு, அது இளைச்ச இளைப்ப நான்தான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். ஒருத்தர்ட்டயும் சொல்லல. அண்ணங்கிட்டயும்."

கருப்பம்மாள் மயில்சாமியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் இருந்தவரின் நெஞ்சைப் பார்த்தாள். அது ஏறுவதும் நிற்பதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தது. சங்கிலிருந்து பால் தரையில் சொட்டியது.

"இவருதான் என்னய மூச்சு முட்ட விடாதன்னு கேட்டாரு," என்றான் மயில்சாமி.

மரியசெல்வம் எப்போது வந்தாள் என்று அவர்கள் கவனிக்கவில்லை. "டாக்டர்ட்டக் கேட்டுட்டு வந்துர்றேன்மா," என்றாள். திரும்பி வந்தபோது அளவுக் கண்ணாடியும் ஒரு வெள்ளைத் துணியும் கொண்டுவந்தாள். "ரெண்டு அவுன்ஸ் ஊத்தலாம். மெதுவா. அதுக்கு மேல வேணாம்."

தூக்கை வாங்கி அவளே வடிகட்டினாள். துணியில் ஒரு துளசி இலையும் இரண்டு அரளி இதழும் தங்கின. அவற்றை உதறாமல் எடுத்துக் கருப்பம்மாளிடம் கொடுத்தாள். பாலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினாள்.

மயில்சாமி புனலைச் செருகி, குழாயைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டான். "இப்ப ஊத்துக்கா. ஓரமா."

கருப்பம்மாள் ஓரமாகச் சாய்த்து ஊற்றினாள். பால் புனலில் நின்றது. அவன் விரலைத் தளர்த்தினான். வெள்ளை மட்டம் மெல்ல, ஒரு நூல், இன்னொரு நூலாகத் தாழ்ந்தது.

"எறங்குதாடா?"

"எறங்குதுக்கா. பாரு."

மாசியிலிருந்து அவள் எத்தனையோ கிண்ணம் கொடுத்துப் பார்த்திருந்தாள். எல்லாம் திரும்பி வந்தது. இது திரும்பி வரவில்லை. புனல் காலியாவதற்கு முந்தி மயில்சாமி குழாயைக் கிள்ளினான். மரியசெல்வம் பஞ்சு சுற்றிய குச்சியைப் பாலில் நனைத்துப் பிழிந்து கருப்பம்மாளின் கையில் கொடுத்தாள். "உதட்டுல மட்டும் தொட்டு வைங்கம்மா. ஈரம் தெரியட்டும்."

அவள் தொட்டு வைத்தாள். பொன்னுச்சாமியின் நாக்கு நுனி வெளியே வந்து அதைத் தேடியது.

"ருசி தெரியுதுடா இவனுக்கு," என்றாள் கருப்பம்மாள்.

பதினொன்றே முக்காலுக்கு அவர் போனார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போய், அடுத்தது வரவில்லை. இருமல் இல்லை. முகம் கறுக்கவில்லை. மனுவேல் எழுந்து உட்கார்ந்து தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். வந்த லாரியிலேயே பூம்பாறைக்குக் கொண்டுபோனார்கள். வழியில் கருப்பம்மாள் ஒன்றுதான் கேட்டாள். "அந்தச் செவலய எங்கடா பொதச்சே?" அவன் இடத்தைச் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அண்ணனின் கம்பளியை உதறியபோது கண்ணாடிப் புனல் உருண்டு விழுந்தது. உடையவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பூண்டு மூட்டைகளைக் கொடைக்கானலில் இறக்கிவிட்டு, குதிரைகளை ஆஸ்பத்திரி வாசலில் கட்டிப்போட்டு, மயில்சாமி வார்டுக்குள் போனான்.

ஆறாம் நம்பர் கட்டிலில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பரைச் சுற்றி டாக்டரும் மரியசெல்வமும் சூசையம்மாளும் நின்றார்கள். மனுவேலுக்கு மட்டும் வாசல் தெரிந்தது.

"வந்துட்டாரு பூம்பாறை! பூண்டு எங்கய்யா?"

"சரியான நேரத்துக்கு வந்தீங்கண்ணே," என்றாள் மரியசெல்வம். "கையக் கழுவிட்டு வாங்க. முதுகுக்குக் கை குடுங்க."

அவன் புனலை ஜன்னல் திண்டில் வைத்தான். கை கழுவி வந்து மனுவேலின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து நிமிர்த்தினான். மறு கையால் அவருடைய மோவாயைச் சற்றே கீழே தாழ்த்திப் பிடித்தான். சூசையம்மாள் கரண்டியை எடுத்தாள்.

1958 ஜூலை 8, காலை பத்தரை மணி. ஏழாம் நம்பர் கட்டில் மனுவேல், குழாய் வைத்த பின் முதல் தடவையாக, வாய் வழியாக மூன்று கரண்டி கஞ்சித்தண்ணீர் குடித்தார். புரை ஏறவில்லை.