தகவல் சொன்னவர்

"அவரோட அம்மா பேரு?" என்று இறுதிச்சடங்கு நிலையத்து டாலஃப்சன் அம்மாள் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு பதில்கள் வந்து மோதிக்கொண்டன.

"மேபல்," என்றான் லைல்.

"ரக்னா மோயன்," என்றாள் அவன் அக்கா வெர்னா.

டாலஃப்சன் அம்மாளின் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றன. அப்பா ஆரின் விடியற்காலையில்தான் இறந்திருந்தார். இறப்புச் சான்றிதழுக்கு விவரம் கொடுக்க அக்காவும் தம்பியும் வந்திருந்தார்கள்.

வெர்னா எட்டு வாரமாக நூலகத்தில் வம்சாவளி தேடக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போகிறாள். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்வி: சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும், பொய் சொல்லக் காரணம் உண்டா. பால் டப்பாவில் போட்டிருக்கும் தேதியைக்கூட இப்போதெல்லாம் அவள் நம்புவதில்லை.

எழுந்து, கொண்டுவந்திருந்த காகிதக் கோப்பைத் திறந்து, ஒரு நகலை மேஜையில் அறைந்தாள். "ஞானஸ்நானப் பதிவேடு. அப்பா பிறந்த ஒன்பதாம் நாள் போதகரே எழுதினது. மேபல் வளர்த்தவ. பெத்தவ ரக்னா, மேபலோட பண்ணையில வேலை செஞ்ச பொண்ணு."

"தெரியும்."

"என்னடா தெரியும்?"

"ரக்னாவை. அப்பா டிராக்டர்ல உக்காந்து சொன்னாரு. அவருக்கு ஏழு வயசுல ஒரு தடவை வந்தாளாம். வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாளாம்."

வெர்னாவுக்குக் காது சுட்டது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டியாக்கா? எழுபது மைல் ஓட்டிப் போய் நீதிமன்றத்துப் பதிவேட்டு அலமாரியைக் கேட்ட. செத்துப்போன போதகரைக் கேட்ட. ஹால்ல உக்காந்திருந்த மனுஷனை ஒரு வார்த்தை கேட்டியா?"

உயிரோடிருப்பவர்களை முதலில் கேளுங்கள் என்பதுதான் வகுப்பின் முதல் பாடம். வெர்னா அதைப் பச்சை மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தாள்.

"சொல்லிட்டுத்தான் போனாரு," என்றான் லைல். "'வெர்னா பேப்பரைத் தூக்கிட்டு வருவா, விடாதே. எனக்கு ஷூ கயிறு கட்டிவிட்டவ பேரைப் போடு'ன்னாரு."

கிழவர் செத்தும் அவள் வாயை அடைக்கிறார்! பிடித்து உலுக்கலாம் போல ஆத்திரம் வந்தது. உலுக்க வேண்டிய ஆள் பக்கத்து அறையில் வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தார்.

டாலஃப்சன் அம்மாள் தொண்டையைச் செருமினாள். "நான் என்ன போடட்டும்? தகவல் சொன்னவங்க பேரும் வேணும்."

நூறு வருஷம் கழித்து எவளோ ஒருத்தி நூலகத்தில் உட்கார்ந்து இந்தச் சான்றிதழைப் பார்த்து, எந்த மடச்சி இப்படிச் சொல்லித் தொலைத்தாள் என்று திட்டுவாள். வெர்னாவே அப்படிப் பல பேரைத் திட்டியிருக்கிறாள்.

"மேபல்," என்றாள். "சொன்னது நான்னே போடுங்க."

நகலைக் கோப்பில் திணித்தாள். கோப்பை நாற்காலியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எதுவரைக்கும் படிச்சாரு?" என்று டாலஃப்சன் அம்மாள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"எட்டாவது," என்றாள் வெர்னா, சண்டைக்கு நிற்கிற குரலில்.

லைல் ஆமென்று தலையை ஆட்டினான். வெளியே பீட்ரூட் ஏற்றிய லாரி ஒன்று ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டு போனது.