ரெண்டு விரல் கயிறு

வாசலில் நையாண்டி மேளம் பொளந்துகட்டிக்கொண்டிருந்தது. அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அங்காளம்மாள், கணுக்காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றுக்குள் விரலை நுழைக்கப் பார்த்தாள். ஒரு விரல்கூடப் போகவில்லை.

வெளியே பந்தலில் அவளுடைய அப்பா பால்ச்சாமி நாற்காலியில் பட்டாளத்து மெடலும் மாலையுமாக, புது மாப்பிள்ளைபோல் இருந்தார். எழுபது வயது. காலையில் காப்பியைக் குடித்து, "சீனி கம்மி" என்று குறை சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். அழுமூஞ்சிகளைக் கண்டாலே ஆகாத மனுஷன். ஒப்பாரி கூடாது, மேளமும் வெடியும்தான் என்று எப்போதோ உத்தரவு போட்டிருந்தார். கான்சாபுரமே ஆடிக்கொண்டிருந்தது. எட்டு மாசக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாதாம், ஒத்தை மகளை மட்டும் அடுப்படியில் அடைத்துவிட்டார்கள். நல்ல நியாயம்!

கயிற்றைக் கட்டியது அவர்தான். நாலாம் மாசம், ரெண்டு விரல் போகிற தளர்வில். சாயங்காலமானால் விரலை விட்டுப் பார்ப்பார். ஊர் அதைத் திருஷ்டிக் கயிறு என்று நினைத்து, மாசமாக இருந்தவர்களெல்லாம் வந்து காலை நீட்டினார்கள். பட்டாளத்து இந்தியை மந்திரம்போல் முணுமுணுத்துக்கொண்டே எல்லோருக்கும் கட்டிவிட்டார். "இறுக்குனா சாமி கோவம். ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிரணும்."

அங்காளம்மாளுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் பிறந்த அன்றுதான் அம்மா வலிப்பு வந்து செத்துப்போனாள். அம்மாவுக்கும் கால் வீங்கியிருந்தது. ஆம்பளப் பிள்ளைக்கு அடையாளம் என்று வீடே சந்தோஷப்பட்டதாம். அதைக் கேட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா, "அப்ப நீ உள்ளதானம்மா இருந்தே? தாய் பட்டதைப் பிள்ளை ஒடம்பும் கொஞ்சம் ஞாபகம் வச்சிருக்கும். ஒனக்கும் பிரஷர் வரலாம், வராமலும் போகலாம். கால் வீங்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். திரும்பும் வழியில் அப்பா வாங்கியதுதான் இந்தக் கயிறு.

"இறுக்கிச்சுன்னா, நான் பொணமாக் கெடந்தாலும் நிக்காதே, தாயி" என்றார். அன்றைக்கு அவள் சிரித்தாள்.

இப்போது தலை வெடித்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது.

"அத்தை, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அப்பாவின் தங்கை இருளம்மாள் பதறினாள். "ஏட்டி, கூறு இருக்கா? பெத்தவரை இன்னும் எடுக்கல. ஊரு சிரிக்காது? கால் வீங்குனா ஆம்பளப் பிள்ளைட்டி. எங்கண்ணனே திரும்பி வாராரு!"

எடுக்கிறவரை செத்த நேரம் இருந்தால்தான் என்ன என்று அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்பாவை இனி எங்கே பார்க்கப்போகிறாள்? ஆனால் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தது. எழுந்து நேரே பந்தலுக்கு நடந்தாள். மேளம் நின்றது. அப்பாவுக்கு முன்னால் சேலையைச் சற்றுத் தூக்கிக் காலைக் காட்டினாள்.

"ஐயா, வெரல் போகல. போயிட்டு வாரேன்."

கூட்டத்தில் கயிறு கட்டிய காலோடு நின்ற ஒருத்தி, "இறுக்குனா ஓடிரணும்னு எனக்கும் சொன்னாருல்லா!" என்றாள்.

மேளக்காரர் சங்கரலிங்கம், "எங்க வேன் நிக்கி. ஏறு தாயி" என்றார்.

கொள்ளி வைக்க வேண்டிய கணவன் தவசிமுத்து திருதிருவென்று விழித்தான். "நீங்க ஐயாவைப் பாருங்க" என்றாள் அவள். திட்டிக்கொண்டே முதலில் வேனில் ஏறியது அத்தைதான். பின்னால் மேளம் மறுபடி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்சு பிரஷர் பார்த்துவிட்டுக் கண்ணை விரித்தாள். "நூத்தி எழுபது! கொஞ்சம் பிந்தியிருந்தா வலிப்பு வந்திருக்கும்." கத்தரியால் கயிற்றை வெட்டினாள். ஊசி, அப்புறம் ஆபரேஷன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் பிள்ளை.

"அண்ணே, சேலை கெட்டிக்கிட்டு வந்துட்டியே!" என்று அத்தை அழுதாள், சிரித்தாள். வார்டே சேர்ந்து சிரித்தது.

மொட்டைத் தலையோடு தவசிமுத்து வந்து சேர்ந்தான். "சுடுகாடு வரைக்கும் மேளம் நிக்கல. நீ போன்ல கேட்டதை வாங்கியாந்துட்டேன்" என்று பொட்டலத்தை நீட்டினான். பிரித்தால் கறுப்புக் கயிறு.

"பாலம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே பிள்ளையின் காலில் கட்டினாள் அங்காளம்மாள்.

"திருஷ்டிக்கா?" என்றாள் அத்தை.

"ஆமா அத்தை."

கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சுண்டுவிரல்தான் போனது. அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் தளர்த்திக் கட்டினாள்.