அம்மாவின் பாவாடை என்று பெயரிட்ட துணி

1

"செத்தவங்க துணிய எரிக்காம ஒளிச்சு வெச்சிருந்தியா? அதை வெட்டி சன்னல்ல வேற தொங்கவிட்டிருக்க! அம்மா எப்படிடி நிம்மதியா போய்ச் சேருவாங்க?" என்று கத்தினாள் கும்ஜா.

"எல்லாத்தையும் எரிச்சீங்களே, போதாதாக்கா? ஒண்ணே ஒண்ணுதானே எடுத்தேன்!" என்றாள் தங்கை ஹேரான்.

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். கொரியாவின் ஜியோன்ஜு நகரில், ஹேரானின் துணிக்கலைக் கண்காட்சியில், தூணுக்குப் பின்னால் நான் ஒட்டுக்கேட்டபோது. (ஒட்டுக்கேட்கவில்லை. காது இருந்த பக்கம் சத்தம் வந்தது.)

2

முதலில் எழுதியது: 'நினைவு என்பது துண்டுகளை இணைத்துத் தைத்த ஒரு...' சே! இதையேதான் ஹேரானும் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள்.

நேராகச் சொல்கிறேன். வெள்ளை நார்த்துணித் துண்டுகளை ஒட்டுப்போட்ட பெரிய திரை. நடுவில் ஒரே ஒரு பச்சைத் துண்டு. காலை வெயிலில் பச்சை, சாயங்காலம் நீலம்.

"கழட்டு. எரிச்சுட்டுத்தான் போவேன். இதைக் கட்டிக்கிட்டுத்தான் என் கல்யாணத்துல அம்மா அழுதாங்க."

"இல்லக்கா, கிம்ச்சி ஊறுகாய் போட்ட அன்னிக்குக் கட்டினது. மிளகாய்க் கறை இருக்கு, பாரு."

இரண்டும் இல்லை. அது என் பாவாடை.

3

கெட்டிக்கார எழுத்தாளர் இதைக் கடைசி வரிக்கு வைத்திருப்பார். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? நான் அவர்களுக்குக் கீழ்வீடு. மொட்டைமாடிக் கொடி இரண்டு வீட்டுக்கும் பொது. சாவு வீட்டு அவசரத்தில் என் பாவாடையை உருவிக்கொண்டு ஓடியிருக்கிறாள் இந்த ஹேரான். காற்று கொண்டுபோனதென்று மூன்று வருடமாகக் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் அம்மாவுக்குப் பச்சை என்றாலே ஆகாது. பெற்ற பெண்கள் இரண்டு பேருக்கும் அது நினைவில்லை!

4

கும்ஜா என்னைப் பார்த்துவிட்டாள்.

"சித்தி, நீங்களே சொல்லுங்க. அம்மா இதை எப்ப கட்டினாங்க?"

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். ஹேரானுக்கு அம்மாவின் ஒரு நூல்கூட மிச்சமில்லை.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். என் பாவாடை எரிகிறது.

நடந்தது: "ரெண்டு நாளும்தான் கட்டினா" என்றேன். என் வாயில் நெருப்பை வைக்க!

கும்ஜா துணியை முகத்தில் வைத்துக்கொண்டாள். "அம்மா வாசனைடி" என்று உடைந்து அழுதாள். (என் சோப்பு.) எரிக்கும் பேச்சு அத்தோடு நின்றது.

5

அடுத்த வசந்தத்தில் கும்ஜாவின் மகள் கல்யாணமாகித் தேகுவுக்குப் போனாள். ஹேரான் துணியோடு புசானுக்குக் குடிபோனாள். வருடாவருடம் அம்மாவின் நினைவுநாளில், அதன்முன் சோறு படைத்து, அக்காளும் தங்கையும் சேர்ந்து விழுந்து கும்பிடுகிறார்களாம். நான் உயிரோடு இருக்கும்போதே, என் பாவாடைக்கு!

இந்த வருடம் என்னையும் அழைத்திருக்கிறார்கள். போய்க் குனிந்தேனா, இல்லை வாயைத் திறந்து... போங்கள், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.